ஆறெழுத்து நிற்கும் ஜன்னல்

காலைக் காபிக்கு முன்பே நீங்கள் எல்லாரும் இன்றைய இங்கிலீஷ் வார்த்தைப் புதிருக்கு விடையை அனுப்பிவிட்டீர்கள். பச்சைக் கட்டங்களும் கைதட்டும் பொம்மைகளுமாகக் குழுவே அமர்க்களப்பட்டது. தினமும் முதல் ஆளாகப் போட்டுவிட்டு உங்களை வம்புக்கு இழுக்கும் நான் மட்டும் மதியம் வரை வாயைத் திறக்கவில்லை. "முட்டிக்குப் பண்ண ஆபரேஷனை மூளைக்கும் பண்ணிட்டாங்களா?" என்று உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள். யாரென்று தெரியும். முட்டி சரியாகட்டும், நேரில் வந்து பதில் சொல்கிறேன்.

விடை தெரியாமல் இல்லை. ஆறு எழுத்து, A, N, D மூன்றும் உண்டு, T இரண்டு முறை வரும் என்று செல்போன் சொன்ன அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அட்டெண்ட். ஆனால் விரல் அந்தப் பக்கம் போகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாரம் பகுதியில் மகன் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "ஞாயித்துக்கெழம நானே கூட்டிட்டுப் போறேம்மா, அதுவரைக்கும் பொறு" என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறான். நல்ல பிள்ளைதான், பொய் சொல்பவன் இல்லை. ஞாயிறுதான் அவனை ஏமாற்றிவிட்டுப் போய்விடுகிறது. இப்படி உட்கார்ந்திருப்பவளிடம் போயும் போயும் அந்த வார்த்தையைத் தூக்கிப் போட்டால் எப்படி இருக்கும்? அதனால்தான் தாமதம். எழுத உட்கார்ந்துவிட்டேன், நீங்களும் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு மட்டும் என்ன வேலை இருக்கிறது?

எனக்குப் பதினோரு வயது அப்போது. முத்தியால்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு பக்கம் மட்டும் ஒரு ஆள் போகிற அகலத்தில் சந்து, அதில் ஒரு சாக்கடை. சந்துக்கு அந்தப் பக்கம் என் தோழியின் வீடு. அப்பாவை அவள் அத்தா என்பாள்; அவளுடைய அத்தா கடைத்தெருவில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். மீலாது விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு, காது குத்து, எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். அவர் சட்டையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசனை. அவள் பாவாடையிலும் கொஞ்சம் அடிக்கும்.

சுவரொட்டி அடிக்கிற மர எழுத்துகள் உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. மை ஊறி ஊறிக் கறுத்து, தொட்டால் வழவழவென்று இருக்கும். தேய்ந்து போன இங்கிலீஷ் எழுத்துகளை அவளுடைய அத்தா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். அச்சு எழுத்து என்பதால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும். அது எங்களுக்குச் சில நாளிலேயே பழகிவிட்டது. A மூன்று இருந்தது. E இரண்டில் ஒன்றுக்குத் தலையில் சாய்வாக ஒரு கோடு, பிரெஞ்சுக்காரன் காலத்து மிச்சம். T மட்டும் ஒன்றே ஒன்று.

எங்கள் வீட்டுப் பின்னறை ஜன்னல் சந்தைப் பார்த்தது. அவள் வெளியே நிற்பாள், நான் உள்ளே. ஜன்னல் விளிம்புப் பலகைதான் எங்கள் மைதானம். அதில் சரியாக ஆறு எழுத்துதான் நிற்கும். ஏழாவதை வைத்தால் கம்பி வழியாகச் சந்தில் விழுந்துவிடும். அதனால் ஆறெழுத்து வார்த்தை என்பது எங்கள் சட்டமாகிவிட்டது. ஒருத்தி மூன்று எழுத்தைச் சொல்ல வேண்டும். அந்த மூன்றும் வருகிற ஆறெழுத்து வார்த்தையை மற்றவள் அடுக்கி, பொருளும் சொல்ல வேண்டும். R, G, N என்று அவள் கேட்டால் நான் ஆரஞ்சு வைப்பேன். "அது போன தடவையே வெச்சிட்டியே, வேற சொல்லு" என்பாள். O-வை எடுத்துவிட்டு முன்னால் D வைத்து இடம் மாற்றினால் டேஞ்சர். பொருள் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மரில் மண்டை ஓட்டுக்கு மேலே எழுதியிருக்குமே, அங்கேதான் அதைப் பொறுக்கினேன். இப்படித் தெருவிலும் மருந்துப் புட்டியிலும் சினிமாத் தட்டியிலும் பொறுக்கிய வார்த்தைகளே எங்களிடம் இருந்தவை. இரண்டு T வருகிற காட்டன், பாட்டில், பட்டன், லெட்டர் எதையும் எங்களால் வைக்க முடியாது. வைக்க முடியாத வார்த்தைகளைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதும் இல்லை.

அகராதி இரண்டு வீட்டிலும் கிடையாது. அகராதிக்குப் பதில் பெரியப்பா இருந்தார்.

என் அப்பாவின் அண்ணன். சொல்தா. நம் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை அப்படித்தானே சொல்வோம்! சைகோன் வரை போய்வந்தவர். பெரியம்மா இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டார், இல்லை, வீடு அவருடையது என்பதால் நாங்கள்தான் அவரோடு இருந்தோம். மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா அவர் எதிரில் உட்காரமாட்டார். அம்மா அவர் இருக்கும் கூடத்தைக் கடக்கும்போது நடையே மாறும். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை.

பெரியப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. இங்கிலீஷ் என்று தனியாக ஒரு பாஷை கிடையாது. பிரெஞ்சைத் திருடிக்கொண்டு போய் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசினால் அதுதான் இங்கிலீஷ். எங்கள் ஜன்னல் பக்கம் வந்தால் அடுக்கியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

"என்னா இது? பிரிஸனா? பிரிஸோங்னு சொல்லு. ஜெயிலு. இது? பார்டனா? பர்தோங். மன்னிப்பு. அனிமல், அனிமால். மிருகம். எல்லாம் எங்க சொத்துடி. இங்கிலீஷ்காரன் கையெழுத்துப் போடாம எடுத்துக்கிட்டான்."

சொன்ன பொருள் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் வினை. ஒரே ஒருமுறை, ஃபிகர் என்று நான் அடுக்கியபோது, "மூஞ்சி" என்றார். கணக்குப் புத்தகத்தில் அதற்கு எண் என்றோ படம் என்றோ போட்டிருந்ததாக என் தோழி சந்திலிருந்து மெல்லச் சொன்னாள். "மூஞ்சியும் ஒரு படந்தான" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போய்விட்டார். நாங்களும் ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொள்ளாமல் எங்கே போவது?

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடிந்தது. அதுவரை படித்தது "உள்ளேன் ஐயா" சொல்கிற தமிழ்ப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளிப் பெண்கள் நீலப் பாவாடையும் வெள்ளைக் காலணியுமாகக் கடற்கரைப் பக்கம் போவதைப் பார்த்திருந்தேன். அவர்கள் பேசிக்கொண்டே போகும் வார்த்தைகளில் ஆறெழுத்து எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்க ஆசை. அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். அம்மா அப்பாவிடம் சொல்லி, அப்பா தலையைச் சொறிந்து, பெரியப்பா மீசையைத் தடவி, "போவட்டும்" என்றார்.

சேர்க்கைக்கு ஒரு பரீட்சை. கேட்டவர் கேரளத்து மிஸ். உயரமாக, குடையைக் கையிலிருந்து இறக்காதவர். தமிழ் அவருக்குச் சுத்தமாக வராது. தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். மிஸ் விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திச் சிரித்துவிட்டார். "எல்லாமே ஆறு எழுத்து! ஏன்?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஜன்னல் விளிம்பில் அதற்கு மேல் நிற்காது என்று இங்கிலீஷில் சொல்லத் தெரியாமல் நான் முழித்தேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். இடம் உண்டு, பள்ளி திறப்பதற்கு முன்னால் சொல்லி அனுப்புகிறேன் என்று பள்ளி ஆயாம்மா மூலம் அம்மாவுக்குச் சொன்னார்.

அம்மா வரும் வழியிலேயே நீலத் துணி விலை விசாரித்தாள்.

அக்னி வெயில் முடிகிற சமயத்தில் எனக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். பின்னறையில் வெள்ளை வேட்டி விரித்து என்னைப் போட்டார்கள். காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் கதவைச் சாத்திவிட்டார்கள். தன் மகளுக்கும் வந்துவிடும் என்று பயந்து என் தோழியை அவள் வீட்டில் காரைக்காலுக்கு, அவள் மாமா வீட்டுக்கு, அனுப்பிவிட்டார்கள். போகும் முன் டின்னை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

அந்த அறையை என்னால் இன்றும் மூக்கால் நினைவுகூர முடியும். வேப்பிலை, மஞ்சள், நுங்கின் தோல், என் வியர்வை, அதற்கு அடியில் டின்னிலிருந்து வரும் மண்ணெண்ணெய். சொறியக் கூடாது, குளிக்கக் கூடாது, வாசல் பக்கம் வரக் கூடாது. ஜன்னல் கதவின் நடுவே ஒரு கோடு வெளிச்சம். அது காலையில் சுவரில் இருக்கும், மாலையில் என் காலுக்கு வரும், பிறகு போய்விடும். இருட்டில் எழுத்தை விரலால் தடவித் தடவி அடுக்குவேன். மூன்று எழுத்துச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாததால் நானே கேட்டு நானே பதில் சொல்வேன். தெருவில் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்கும்போது அழுகை வரும். அழுதால் கண்ணில் அம்மை இறங்கும் என்று அம்மா பயமுறுத்தியிருந்தாள். அதனால் அதுவும் கூடாது.

அம்மை இறங்கத் தலைக்கு இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று. மூன்றாவது தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வாசலில் குடை விரிக்கும் சத்தம் கேட்டது. கேரளத்து மிஸ். வேப்பிலையைப் பார்த்துவிட்டுப் படியேறாமல் தெருவிலேயே நின்றார். அப்பா மில்லுக்குப் போயிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால். பெரியப்பா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு சொல்தாவின் வீட்டு வாசலில் இங்கிலீஷ் பேச ஆள் இல்லாமல் போய்விடுமா?

எனக்கு எல்லாம் கேட்டது. மிஸ் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார்.

"ஷி கேன் அட்டெண்ட். மண்டே."

"அட்டெண்ட்?" என்றார் பெரியப்பா.

"யெஸ், யெஸ். அட்டெண்ட். மண்டே."

"ஆ, அத்தாங்த்ர்! மண்டே. மெர்ஸி, மெர்ஸி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிப் பெரியப்பா குனிந்து வணங்கினார். கருணை காட்டச் சொல்கிறார் என்று மிஸ் நினைத்திருக்க வேண்டும். "டோண்ட் வொர்ரி" என்று சொல்லிவிட்டுக் குடையோடு போய்விட்டார்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி அறிவித்தார். "காத்திருக்கச் சொல்லிட்டுப் போறாங்க. திங்கக்கெழம முடிவு பண்ணி சொல்லி அனுப்புவாங்களாம். அம்ம வார்த்த ஊடுன்னு யோசிக்கறாங்க போல. நியாயந்தான."

பிரெஞ்சில் அத்தாங்த்ர் என்றால் காத்திருப்பது. உங்களில் சிலருக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெரியப்பா சொன்னதில் நியாயமும் இருந்தது பாருங்கள், அம்மை வீட்டுப் பிள்ளையை யார்தான் உடனே சேர்ப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தண்ணீர் ஊற்றினார்கள். திங்கட்கிழமை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு ஆள் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். செவ்வாயும் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என் தம்பிக்கு உடம்பு கொதித்து முத்து போட்டது. வாசலில் புது வேப்பிலை. அம்மன் வீட்டில் இருக்கும்போது யாரும் படி தாண்டக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மறுபடி அந்த வீட்டுக்குள்ளேயே. காலையில் பள்ளி மணி காற்று வாகு இருந்தால் கேட்கும். "இன்னும் சொல்லி அனுப்பலியா பெரியப்பா?" என்று கேட்டால், "பட்டாளத்துல நாங்க காத்திருக்காததாடி? ஆர்டர் வரும்" என்பார். அப்பாவைக் கேட்டால், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்." அம்மாவைக் கேட்டால் நுங்கு வரும்.

தம்பிக்குத் தலைக்கு ஊற்றி முடித்த பிறகுதான் என் தோழி காரைக்காலிலிருந்து வந்தாள். வந்ததும் வராததுமாக ஜன்னலைத் தட்டினாள். திறந்தேன். வெளிச்சம் கண்ணைக் கூசியது.

"என்னாடி மூஞ்சி முழுக்கப் பொரி பொரிச்சாப்ல இருக்கு?" என்றாள். பிறகு, "பள்ளிக்கூடம் தொறந்தாச்சே, நீ ஏன் ஊட்ல இருக்கே?"

"காத்திருக்கச் சொல்லியிருக்காங்க. அட்டெண்ட் பண்ணச் சொன்னாங்க."

"அட்டெண்டா?"

"ஆமா. அட்டெண்டுன்னா காத்திருக்கறது."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "யாருடி சொன்னா? எங்க அத்தா இங்கிலீஷ்ல நோட்டீஸ் அடிச்சா கடைசில அதான் வரும். மேல இங்கிலீஷ்ல அட்டெண்டு, கீழ தமிழ்ல வருக. எத்தினி தடவ ஈரத்தோட பிரிச்சுக் காயப் போட்டிருக்கேன். அட்டெண்டுன்னா வான்னு அர்த்தம்டி."

உடம்பெல்லாம் மறுபடி சுட்டது. அம்மாவிடம் ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். "பெரியவரு கிட்ட ஒரு வார்த்த" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். களைந்த அரிசியை அப்படியே மூடி வைத்தாள். "மொகம் கழுவிக்கிட்டு வா."

கூடத்தில் பெரியப்பா இருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், "வீராம்பட்டினம் கோயிலுக்குப் போயி வேண்டுதல முடிச்சிட்டு வந்துடறோம்" என்றாள். அம்மை இறங்கிய வீட்டில் அதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? என் அம்மா அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனாள் அம்மா. கழற்ற வேண்டியதில்லை என்று யாரும் சொல்லவில்லை. மிஸ் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். என் முகத்தில் இருந்த தழும்புகளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எனக்குப் புரிந்தது கொஞ்சம். இன்னொரு பெண், என் இடத்தில், முடிந்துவிட்டது. கடைசியில் கையை விரித்து, "வீ வெயிட்டட். வீ வெயிட்டட் ஃபார் ஹெர்" என்றார்.

வெயிட்டட். ஆறு எழுத்து. T ஒன்றுதான். எங்கள் டின்னிலேயே செய்யலாம், செய்தும் இருக்கிறோம்.

"என்னாடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"காத்துக்கிட்டு இருந்தாங்களாம்மா."

அம்மா மிஸ்ஸைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இவங்களுமா?" என்றாள்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மிஸ் சொன்னதை ஆயாம்மா எடுத்துச் சொன்னாள். அடுத்த வருஷம் பார்க்கிற வீடு எங்கள் வீடு இல்லை என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். அம்மா எதிர்ப்பக்கம் திரும்பினாள். "சொன்ன சொல்லு பொய்யாயிடக் கூடாது" என்று சொல்லி, அந்த வெயிலில் வீராம்பட்டினத்துக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சந்நிதியில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்க, அம்மா கையைக் கூடக் கூப்பவில்லை. சண்டைக்கு வந்தவள்போல் அம்மனை முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கடற்கரையில், கருவாடு காயும் நாற்றத்தில், வலை உலர்த்தியிருந்த மணலில் உட்கார்ந்து என் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள். அன்று நான் அழுதேன். கண்ணில் அம்மை இறங்குமே என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து குங்குமத்தைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். பக்தியாக இட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பாவுக்கு அப்பா வாயால் சேதி போயிற்று, பள்ளியில் இடம் இல்லை என்றுவிட்டார்களாம் என்று. ஏன் என்று சொல்லக் கூடாது என அம்மா அப்பாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். "அவரு மொகத்துக்கு நேரா அதச் சொல்லிட்டு இந்த ஊட்ல எப்படி இருக்கறது?" என்றாள். பெரியப்பா கொதித்துப் போனார். "காத்திருக்கச் சொல்லிட்டு ஏமாத்தறாங்களே! இங்கிலீஷ்காரன் புத்தி போவுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். என் பொருட்டுத்தான் கத்தினார். அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தது இருக்கிறதே, அந்த வேப்பிலை அறை அதற்குத் தேவலை.

அப்புறம் தமிழ்ப் பள்ளியிலேயே படித்து, உங்களோடு வேலைக்கு வந்து, உங்களோடு ஓய்வும் பெற்றேன். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. மேலதிகாரி இங்கிலீஷில் கேட்டால் மட்டும் பத்து வருடம் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள்தான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள். பெரியப்பா மேல் எனக்குக் கோபம் போகவில்லை. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் இன்று பால்கனியில் நின்றபோது ஒன்று தோன்றியது. அன்று வாசலில் "அட்டெண்ட்?" என்று அவர் ஒருமுறை திருப்பிக் கேட்டாரே, அது சந்தேகம். அவருக்கும் பிடிபடவில்லை. புரியவில்லை என்று சொல்ல அந்தத் தெருவில் அவருக்கு வழியில்லை. எல்லாம் தெரிந்தவர் என்று நாங்களே அவரைச் சுற்றிச் சுவர் எழுப்பி வைத்திருந்தோம். இது புரிகிறது. புரிந்தும் கோபம் போகவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் முடிந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் தோழி சந்துக்கு வந்தாள். பாவாடைச் சுருக்கில் முடிந்து வைத்திருந்த எதையோ அவிழ்த்துக் கம்பி வழியாக நீட்டினாள்.

"இந்தாடி, டி."

நல்ல நேரமாக இருந்தால் அதற்கே விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அத்தாவின் அச்சகத்திலிருந்து ஒரு T எடுத்து வந்திருந்தாள். எங்கள் எழுத்துகளை விடச் சின்னது, தேயாதது, பளபளவென்று இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து விளிம்பில் அடுக்கினோம். A. பெரிய T. சின்ன T. E, N, D. அதுவரை எங்களால் வைக்க முடியாத வார்த்தை.

பெரியப்பா செருப்புச் சத்தத்தோடு அறைக்குள் வந்தார். பின்னாலேயே அம்மா, கையில் முறத்தோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரும்பி நிற்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

"அட, அத்தாங்! பிரெஞ்சு கத்துக்கிட்டீங்களா? காத்திருக்கறான்னு அர்த்தம். ஆனா மொட்டையா இப்படி வெக்கக் கூடாது. யாருன்னு முன்னால வரணும். யாரு காத்திருக்கறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சத்தியமும் இருந்தது, சொல்லித்தான் விடேன் என்பதும் இருந்தது.

"நான்தான் பெரியப்பா" என்றேன்.

"நானா? நான்னா இது தப்பு. அவ காத்திருக்கறான்னா இது சரி. நான்னா கடைசில ஒரு S வேணும்" என்று டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி, S-ஐத் தேடி எடுத்து D-க்குப் பக்கத்தில் வைத்தார். விளிம்பில் இடம் இல்லை. அது கம்பி வழியாகச் சரிந்து வெளியே போயிற்று. தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

"சாக்கடைல பூட்டுது" என்றாள் என் தோழி.

பெரியப்பா கம்பியில் நெற்றியை வைத்து எட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் தலையைத் தடவினார். அவர் கை அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"போவட்டும் வுடு" என்றார். "இருக்கறதே போதும். பாக்கறவங்களுக்குப் புரியும்."